நுனி மாறிய இலை

"ஒரு இலைக்கு அம்பது வெள்ளி. ரெண்டு இலைக்கு நூறு," என்றார் ஜைனுலாப்தீன்.

"சாம்பார்ல தங்கத்தை உரசிப் போட்டாங்களா பாய்?" என்று கேட்டாள் பாப்பா.

"தைப்பூசத்து அன்னதானம்லா. சாம்பார், ஒரு கூட்டு, ரசம். ஊருக்கே சும்மா போடுற சோறு."

ஜைனுலாப்தீனுக்கு ஈப்போ ரயிலடிக்கு எதிரே சாப்பாட்டுக் கடை. சுற்றுலாப் பஸ்கள் பகலில் அங்கேதான் நிற்கும். காலை எட்டு மணிக்கே கடையை விட்டுவிட்டு, டயர்க் கடைக்கு மேலே இருந்த இந்த ஒற்றை அறைக்கு அவர் மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார்.

அறையின் சொந்தக்காரர் உடையப்பன். போலீசில் இருபது வருடம் துப்பறிந்துவிட்டு, இரண்டு வருடமாகத் தனியாகத் துப்பறிகிறவர். பாப்பா அவருடைய உதவியாளர். முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தாள். நம்பர் கேட்டவர்களுக்கு நம்பரோடு சேர்த்துப் பதிலும் கொடுத்ததால் அந்த வேலை நிலைக்கவில்லை.

"முதல்லேருந்து சொல்லுங்க பாய்," என்றார் உடையப்பன்.

ஐந்து வாரத்துக்கு முன்னால், எண்பத்திரண்டாம் வருடத் தைப்பூசத்தன்று, ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். பத்து காஜா என்ற ஊரின் ரப்பர் தோட்டத்துக்காரர்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவன் நூறு மலேசிய வெள்ளிப் பணம் வாங்கியிருக்கிறான். நாலு அடி தள்ளி அடுத்த பந்தலில், அதே சோற்றை ஒருவர் கையைப் பிடித்து இழுத்துச் சும்மா கொடுத்தபோதுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. ஊருக்குத் திரும்பியதும் அவர்கள் நாட்டுப் பத்திரிகைக்கு எழுதிவிட்டார்கள்.

"என்னன்னு எழுதுனாங்க?"

ஜைனுலாப்தீன் தலையைக் குனிந்துகொண்டார். "சாமி கும்புடுற இடத்துலயே பாக்கெட்டுல கை விடுற நாடு, மலேசியா பக்கம் போவாதீங்கன்னு. என் கடைக்கு வார பஸ் கம்பெனி எல்லாப் பஸ்ஸையும் நிறுத்திருச்சு. தப்பு செஞ்சவன் யாரு, அவனை என்ன செஞ்சீங்கன்னு பேரு போட்டு எழுதணுமாம். இன்னைக்குச் சாயந்தரத் தபால்ல போவணும்."

"பேருதான் ஊருக்கே தெரியுதே. பந்தலை நடத்துற சன்னாசி," என்றாள் பாப்பா. "கமிட்டி கூடி நீக்கியாச்சுல்ல?"

"அதுதான் மனசு ஒப்பல. இருபத்திரண்டு வருசமா அந்தப் பந்தலுக்கு ரெண்டு மூட்டை அரிசி நான் கொடுக்கிறேன். மிஞ்சுன அரிசியைக் கூட மறுநாள் சைக்கிள்ல வச்சுத் தள்ளிக்கிட்டு வந்து திருப்பிக் கொடுக்கிற மனுசன். இன்னைக்கு மத்தியானம் சிலிபின்ல, மாப்பிள்ளை வீட்டுல, அவரு மக கல்யாணத்தை முறிக்கப் போறாங்க. நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூப்பிட்டிருக்காங்க. திருடன் வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாங்களாம்."

"அந்தத் தம்பதியவே கேட்டா என்ன?"

"கடிதம் போய்வர மூணு வாரம். நான் மன்னிப்புக் கேட்டு எழுதினதுக்கு இந்தப் படத்தை மட்டும் அனுப்பினாங்க."

உடையப்பன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பந்தல். பின்னால் ஒரு துணிப் பதாகை. பாயில் சப்பணமிட்டு உட்கார முயன்று தோற்ற ஒரு வெள்ளைக்காரர், அவர் மனைவி. இருவர் முன்னாலும் இலை போட்டிருந்தது. ஓரத்தில் ஒரு மஞ்சள் வேட்டி, இடுப்புக்குக் கீழே மட்டும்.

"விலையை எப்படிச் சொன்னானாம்?"

"அஞ்சு விரலைக் காட்டி, அப்புறம் ரெண்டு விரலை வளைச்சு சைபர் காட்டினானாம். பேசவே இல்லையாம். அதையும் பத்திரிகையில எழுதியிருக்காங்க."

"தைப்பூசத்தன்னைக்கு ஈப்போவுல மஞ்சள் வேட்டிக்காரனைத் தேடுறது," என்றாள் பாப்பா, "அடைமழையில நனைஞ்ச கோழியைத் தேடுற மாதிரி அண்ணே."

"சன்னாசி இல்லை," என்றார் உடையப்பன்.

மற்ற இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"இந்த வெள்ளைக்காரரோட இலையைப் பாரு. நுனி எந்தப் பக்கம்?"

பாப்பா குனிந்தாள். "அவரு வலது கைப் பக்கம். ஐயையோ, தலைகீழா கிடக்கு. படத்தையே திருப்பிக் கழுவிட்டாங்களோ?"

"பின்னால 'தண்ணீர்ப் பந்தல்'னு எழுத்து நேராத்தானே இருக்கு?"

"இருக்கு."

"சாப்பிடுறவருக்கு இடது பக்கம் நுனி வரணும். இருபத்திரண்டு வருசம் இலை போட்ட கை, தூக்கத்துல போட்டாலும் இப்படிப் போடாது. எதிர்ல நின்னுக்கிட்டு, தனக்கு இடது பக்கம் நுனி வார மாதிரி போட்டிருக்கான். அவனுக்குத் தெரிஞ்ச இலை, அவன் உக்காந்து சாப்பிடுற இலை மட்டும்தான். வாழ்க்கையில ஒரு ஆளுக்கும் பரிமாறினதில்லாத ஆம்பளை."

"அப்படின்னா ஈப்போவுல பாதி ஆம்பளைங்களை உள்ளே தள்ளணும்," என்றாள் பாப்பா. "அந்தக் கணக்குல எங்க அண்ணன் வாரான், எங்க சித்தப்பா வாரார், நீங்களும் வாரீங்க."

உடையப்பன் படத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். வெள்ளைக்காரரின் மனைவி முன்னால் கிடந்த இலை ஒழுங்காகத்தான் இருந்தது. ஒழுங்காக இருப்பதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

பத்து காஜாவுக்கு வெளியே அந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று ஆறு வருடமாகிவிட்டது. மரம் போய், கணக்கு எழுதும் கிராணியின் வீடு போய், தொழிலாளர் குடியிருக்கும் லயம் மட்டும் ஒரு வரிசை மிச்சம் இருந்தது. கடைசி வீட்டு வாசலில் சன்னாசி வெளுத்த சட்டை போட்டு, சிலிபினுக்குப் புறப்படத் தயாராக நின்றார். அறுபத்து நான்கு வயது. பக்கத்து வீட்டுப் பெண் அவரைப் பார்த்ததும் தன் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவர் அதைப் பார்க்காததுபோல் நின்றார்.

"முருகன் சத்தியமா நான் வாங்கலைங்க," என்றார். "அன்னைக்குப் பூரா அடுப்பைவிட்டு நான் நகரல. மத்தியானத்துக்குள்ள என் பேரைச் சுத்தமாக்கிக் கொடுங்க. எனக்காக இல்ல. தாயில்லாத பொண்ணு. கவர்மெண்டு கிராணி மாப்பிள்ளை. இந்த லயத்துலேருந்து அது ஒண்ணாவது வெளியில போவட்டும்."

"பந்தல்ல யார் யாரெல்லாம் வேலை செஞ்சாங்க?"

"எல்லாருந்தான். சின்னப் புள்ளைகூட தண்ணி ஊத்துச்சு. மாப்பிள்ளை ஜெயபாலனும் வந்திருந்தாரு. புது மாப்பிள்ளையை வேலை செய்ய விடுவமா? நாற்காலி போட்டு உக்கார வச்சேன்."

உடையப்பன் பாப்பாவைப் பார்த்தார். பாப்பா கூரையைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து மங்களம் வந்தாள். இருபத்து நாலு வயது, அழகான பெண். அழுது முகம் வீங்கியிருக்கும் என்று நினைத்து வந்த பாப்பாவுக்கு ஏமாற்றம். வந்தவர்கள் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று இலை போட்டு இடியப்பம் வைத்தாள். இலையின் ஓரத்தை விரலால் ஒரு மடிப்பு மடித்து நிமிர்த்திவிட்டுத்தான் சொதியை ஊற்றினாள்.

"என்னம்மா, இலைக்கு வேலி போடுறே?" என்றாள் பாப்பா.

"மடியில வழியாம இருக்கக்கா."

"ஆத்தா போனப்புறம் பத்து வயசுலேருந்து இதுதான் எனக்கு இலை போடுது," என்றார் சன்னாசி பெருமையாக. "இப்படி மடிக்கிறது நாட்டுலேயே எம்மவ ஒருத்திதான்."

"காசு வாங்கினது யாருன்னு உனக்கு ஏதாவது தோணுதாம்மா?" என்று கேட்டார் உடையப்பன்.

"எனக்கெப்படித் தெரியும்? நான் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன்." மங்களம் மணிக்கட்டில் இருந்த புதுக் கைக்கடிகாரத்தைத் திருகினாள். "நடந்தது நடந்து போச்சு. கிளறி என்ன ஆவப்போவுது? விட்டுருங்கண்ணே."

"ரொம்ப நல்ல மனசு," என்றார் உடையப்பன் காரில் ஏறியதும். பின்னால் சன்னாசியும் மங்களமும் ஜைனுலாப்தீனின் வேனில் வந்துகொண்டிருந்தார்கள்.

"நல்ல வாட்ச்சும்கூட," என்றாள் பாப்பா.

"கேட்டியா? அன்னைக்கு அந்தப் பந்தல்ல வேலை செய்யாம உக்கார உரிமை ஒரே ஒருத்தனுக்குத்தான்."

"கேட்டேன் அண்ணே. மாப்பிள்ளை எந்திரிச்சு இலை போட்டதை நிரூபிக்கணுமே? நாற்காலியைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா?"

"நீ பசியோட இருக்கியா?"

"இப்பதான் எட்டு இடியப்பம் முழுங்கினேன்."

"இருந்தாலும் பசியோட இரு."

சிலிபினில் ஜெயபாலனின் வீடு, முன்னால் இரும்புக் கேட் போட்ட வீடு. கூடத்து நடுவில் நிச்சயத் தட்டு தயாராக இருந்தது. வெற்றிலை வாடியிருந்தது. அதன் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா ராக்காயி உட்கார்ந்திருந்தாள். சன்னாசியை அவள் உட்காரச் சொல்லவில்லை. அவர் நிலைப்படியை ஒட்டி நின்றார். மங்களம் நேரே சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். கால் அந்த வழியை நன்றாக அறிந்திருந்தது.

"தட்டை எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லுங்க," என்றாள் ராக்காயி. "வேற ஒண்ணும் பேசறதுக்கு இல்ல."

"போவாரும்மா," என்றாள் பாப்பா. "நான்தான் காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. கண்ணைக் கட்டுது. ஒரு வாய் சோறு கிடைக்குமா?" சொல்லிக்கொண்டே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். "தம்பி, அந்த இலையை எடுத்து இப்படிப் போடுங்களேன்."

மூலையில் இலைக்கட்டு இருந்தது. அதன் பக்கத்தில் ஜெயபாலன், வெள்ளைச் சட்டையும் பையில் இரண்டு பேனாவுமாக நின்றிருந்தான்.

"எம்மவனா?" ராக்காயி சிரித்தாள். "பொறந்ததுலேருந்து ஒரு தட்டைத் தூக்கி வச்சதில்ல அவன். ராஜா மாதிரி வளர்த்திருக்கேன்."

"பரவாயில்லம்மா," என்று அவன் பணிவாக ஓர் இலையை உருவி, பாப்பாவின் எதிரே குனிந்து விரித்தான்.

நுனி பாப்பாவின் வலது கைப் பக்கம் வந்தது.

உடையப்பன் சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்து, அந்த இலையின் பக்கத்தில் வைத்தார். "அஞ்சு விரலைக் காட்டுங்க தம்பி. அப்புறம் அந்தச் சைபர்."

ஜெயபாலனின் முகம் வெளுத்தது.  கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "அவனாத்தான் சார் கேட்டான், எவ்வளவுன்னு. கை தானா காட்டிருச்சு. வெள்ளைக்காரன்தானே? நூறு வெள்ளி அவனுக்குப் பீர் குடிக்கிற காசு."

"அவனுக்கு நூறு வெள்ளிதான்டா," என்றார் ஜைனுலாப்தீன்.  "ஊரு ஊரா சும்மா சோறு போட்ட அத்தனை பேரையும் அவன் திருடன்னு எழுதிட்டான். என் அரிசியும் அதுல இருக்கு."

"அண்ணே!" பாப்பா எழுந்து சன்னாசியின் பக்கம் திரும்பினாள். "உங்க பேரு சுத்தமாயிருச்சு. உள்ளே வந்து உக்காருங்க."

உடையப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. இருபது வருடப் போலீஸ் வேலையில் யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. படத்தைக் கொண்டுபோய் சன்னாசியின் கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்க. இந்த ஒரு இலைதான் உங்களைக் காப்பாத்துச்சு."

சன்னாசி படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரத் தொடங்கியது. வெள்ளைக்காரரின் இலையைப் பார்த்தார். பிறகு பக்கத்து இலையைப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் படத்தின் ஒரு மூலையைத் தடவினார். பிறகு உடையப்பனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தெளிவாகச் சொன்னார்.

"நான்தாங்க வாங்கினேன்."

"என்ன?"

"நான்தான் வாங்கினேன். மாப்பிள்ளை எனக்காகப் பழியை ஏத்துக்கிறாரு. எழுதிக்குங்க பாய்."

"பைத்தியமா உங்களுக்கு? முருகன் சத்தியம்னு காலையில..."

"பொய்ச் சத்தியம்."

 பாப்பா படத்தை உடையப்பன் கையிலிருந்து மெல்ல உருவினாள். ஒருமுறை பார்த்தாள். அவள் குரல் அவருக்கு மட்டும் கேட்டது.

"அண்ணே, இலை ரெண்டு. நாம ஒண்ணைத்தான் பார்த்தோம். அந்தம்மா இலையைப் பாருங்க. நுனி சரியா இருக்கு. ஓரம் மடிச்சிருக்கு."

ஜெயபாலன் ஓர் இலை போட்டபோது பக்கத்திலேயே நின்று இன்னோர் இலை போட்டவள் மங்களம். ஐந்து விரலையும் சைபரையும் கண்ணால் பார்த்தவள். ஐந்து வாரமாக லயத்தில் கதவுகள் சாத்தப்படுவதைக் கேட்டுக்கொண்டே அப்பாவுக்குச் சோறு போட்டவள்.

"மங்களம்!" என்று கூப்பிட்டார் உடையப்பன்.

அவள் சமையல்கட்டு வாசலுக்கு வந்தாள். நடந்ததெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. அப்பாவைப் பார்த்தாள். ஜெயபாலனைப் பார்த்தாள். நிச்சயத் தட்டைப் பார்த்தாள்.

"யாரும்மா காசு வாங்கினது?"

"அப்பாதான்," என்றாள். "நான் பார்த்தேன்."

சன்னாசி தலையாட்டினார். பிள்ளை சரியான விடை சொன்னதும் கணக்கு வாத்தியார் ஆட்டுவதுபோல ஆட்டினார்.

ராக்காயிக்கு விவரம் புரிய இவ்வளவு நேரம் பிடித்தது. புரிந்ததும் காரியத்தில் இறங்கிவிட்டாள். நிச்சயத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சரி. பெரிய மனுசன் ஒத்துக்கிட்டாரு. எம்மவன் பேரு எந்தக் கடுதாசியிலயும் வரக்கூடாது, அவன் கவர்மெண்டு உத்தியோகக்காரன். பொண்ணை எடுத்துக்கிறோம். ஆனா திருடன் மணவறைப் பக்கம் வரக்கூடாது. கல்யாணத்தன்னைக்கு ஈப்போவுலயே இருக்கக்கூடாது."

"வர மாட்டேன்மா."

"எனக்கு ஒரு பேரு வேணும்தான்," என்றார் ஜைனுலாப்தீன் தத்தளித்து. "ஆனா இந்தப் பேரா? சன்னாசி, யோசிச்சுச் சொல்லுங்க."

"பஸ் திரும்ப வரணும்ல பாய்? உங்க கடையில எத்தனை பேரு பொழைக்கிறாங்க." சன்னாசி சட்டையின் மேல் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். "நாடு நல்ல நாடுதான், ஒரு கெழவன்தான் கெட்டவன்னு எழுதுங்க. நம்புவாங்க."

பாப்பா படத்தைத் தரையில் ஜெயபாலன் போட்ட இலையின் பக்கத்தில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் போனாள். மங்களம் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாட்ச்சு அழகா இருக்கு. நூறு வெள்ளி இருக்குமா?"

"அன்னைக்குச் சாயந்தரமே வாங்கிக் கொடுத்தாரு."

"தெரிஞ்சேதான் சொன்னியாடி?"

மங்களம் அகப்பையை வைத்துவிட்டு நேராகப் பார்த்தாள். கண்ணில் ஈரம் இல்லை. "அப்பாவுக்கு அறுபத்தி நாலு. இன்னும் எத்தனை வருசம் வெளியில தலைகாட்டப் போறாரு? எனக்கு அம்பது வருசம் கிடக்குக்கா. அந்த லயத்துலயே கிடந்து சாவச் சொல்றீங்களா? அப்பாவே எம்பக்கம் நிக்கிறாரு. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அவரு ஏன் உம்பக்கம் நிக்கிறாருன்னு தெரியுமா?"

"என் மேல உசிரு," என்றாள் மங்களம். "அதான்."

கூடத்திலிருந்து ராக்காயியின் குரல் வந்தது. "மருமவளே! உங்கப்பாவுக்கு ஒரு இலை போடு. சாப்பிட்டுப் போவட்டும். கல்யாணச் சாப்பாடுதான் கிடையாதே."

சன்னாசி மறுக்கவில்லை. சற்று முன் பாப்பா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார். ஜெயபாலன் போட்ட இலையை மங்களம் எடுத்துப் போட்டுவிட்டு வேறு இலை விரித்தாள். நுனி இடது பக்கம். தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். உப்பு வைத்தாள். சோறு வைத்தாள். அவள் விரல், பதினாலு வருடப் பழக்கத்தில், அவளைக் கேட்காமலே போய் இலையின் ஓரத்தை ஒரு மடிப்பு மடித்து நிமிர்த்தியது.

சன்னாசி அந்த மடிப்பைப் பார்த்தார்.

வலது கையை எடுத்து, உள்ளங்கையால் அதன்மேல் அழுத்தினார். ஒருமுறை, இன்னொருமுறை. ஓரம் தரையோடு தரையாகப் படிந்தது.

"ரசம் ஊத்தும்மா," என்றார்.

மங்களம் கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்தாள். "அப்பா..."

"ஊத்து."

ஊற்றினாள். சூடான ரசம் சோற்றைச் சுற்றிக்கொண்டு ஓடி, தடுப்பில்லாத ஓரத்தைத் தாண்டி, அவர் மடியில் வழிந்தது. வெளுத்த வேட்டியில் மஞ்சளாகப் பரவியது. அவர் அசையவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் மங்களத்தின் கண் பக்கத்தில் கிடந்த படத்தின் மேல் விழுந்தது. இரண்டாவது இலையின் மடித்த ஓரத்தின் மேல் விழுந்தது.

கிண்ணத்தை வைத்துவிட்டுத் துணி எடுக்க உள்ளே ஓடினாள்.

துணியோடு அவள் திரும்பி வந்தபோது, சோற்றில் கை வைத்த அடையாளம்கூட இல்லை. சன்னாசி வாசலில் குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.